நாலில் ஒரு பங்கு

“முப்பது!” என்று சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாது என்று எஸ்டேட் கணக்கு எழுதுகிற அம்புரோஸ் கிராணிக்கு உறைத்தது.

அவர் என்ன செய்வார்? கணக்கு காதில் விழுந்தால் விடை தானாக வாய்க்கு வந்துவிடும் சுபாவம். மிஷன் பள்ளிக்கூடத்தில் பின்னக் கணக்குக்கு முதல் பரிசு வாங்கிய வாய் அது. நூற்றிருபதில் நாலில் ஒரு பங்கு எவ்வளவு என்று கேட்டால், கேட்பவன் இடுப்பில் வாள் தொங்குகிறதா என்றெல்லாம் பார்த்துக்கொண்டிருக்காது.

அன்று வாள் தொங்கத்தான் செய்தது. ஜப்பான்காரன் வந்து, வெள்ளைக்காரத் துரை தேயிலை எஸ்டேட்டை விட்டு ஓடிப்போய் ஒன்றரை வருஷமாகியிருந்தது. அவருடைய நாற்காலிக்கு முன்னால் ஜப்பான் துரை நின்றுகொண்டு, ஒரு காகிதத்தை ஐந்து நிமிஷம் உரக்க வாசித்தார். மொழிபெயர்ப்பாளர் ஹரோல்ட் வியர்க்க வியர்க்கக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அத்தனையையும் ஒரே வரியில் முடித்தார்.

“எஸ்டேட்டுல நாலுல ஒரு பங்கை எடுத்துடணுமாம் சார். பத்து நாள்ல.”

“எதுல நாலுல ஒரு பங்கு?”

ஹரோல்ட் விழித்தார். தாப்பா டவுனில் தையல் மிஷின் விற்றுக்கொண்டிருந்த மனிதர். மூன்று மாத வகுப்பில் ஜப்பான் பாஷை படித்து இந்த வேலைக்கு வந்தவர். எண்கள் நன்றாக வரும். மற்ற வார்த்தைகள் வந்தால் வரும், வராவிட்டால் வராது. திருப்பிக் கேட்டால் கன்னத்தில் விழும் என்பதால் அவர் யாரையும் எதையும் திருப்பிக் கேட்பதில்லை.

“ஆள்லதான் சார். வேற எத எடுக்கப் போறாங்க? முந்தாநாள் ரிங்லெட்லேருந்து ரெண்டு லோரி ஆளு சயாம்ல ரயில் ரோடு போடப் போச்சே, பாக்கல? போனவன் எவன் திரும்பினான்? எவ்வளவு வரும், சீக்கிரம் சொல்லுங்க. நிக்கிறாரு லா.”

மேஜைமேல் நூற்றிருபது பேர் கொண்ட பட்டியல் விரித்தபடி கிடந்தது. அம்புரோஸின் வாய் திறந்தது. முப்பது.

ஹரோல்ட் அந்த எண்ணை ஜப்பான் பாஷையில் சொன்னார். துரை திருப்தியோடு தலையசைத்துக் குறித்துக்கொண்டு, மோட்டாரில் ஏறிப் போய்விட்டார்.

சங்கதி என்னவென்றால், அந்த நூற்றிருபதில் முப்பது பேர் கிடையாது.

வேலை செய்கிற ஆம்பளைக்கு மட்டும்தான் அரிசி என்று ஜப்பான்காரன் சட்டம் போட்டிருந்தான். பெண்டு பிள்ளைகளுக்கு ஒரு மணியும் இல்லை. எஸ்டேட்டில் ஆம்பளைகள் தொண்ணூறு பேர். அம்புரோஸ் ஒருநாள் பேனாவை மசியில் தொட்டு, பிறக்காத முப்பது பேரைப் பட்டியலில் பிறக்கவைத்தார். தோட்டம் நூற்றிருபது ஏக்கர், ஏக்கருக்கு ஓர் ஆள் என்றால் யாருக்கும் சந்தேகம் வராது என்று கணக்குப் போட்டுச் செய்த காரியம். அந்த முப்பது பங்கு அரிசியும் கஞ்சியாகிப் பிள்ளைகளின் வயிற்றுக்குப் போயிற்று. அந்த வருஷம் கோலா தெர்லா பக்கமெல்லாம் பிள்ளைச் சாவு விழுந்தபோது, இவர் எஸ்டேட்டில் ஒன்றுகூட விழவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்.

கர்வமெல்லாம் கால் மணி நேரத்தில் இறங்கிவிட்டது. ஸ்டோருக்குப் பின்னால் கங்காணி இருளப்பனைத் தேடிப் போய் விஷயத்தைச் சொன்னார்.

“நூத்திருபதுல முப்பதுன்னா கால்வாசி. நெசமா இருக்கறது தொண்ணூறு. தொண்ணூறுல முப்பதுன்னா மூணுல ஒண்ணு.”

இருளப்பன் வெற்றிலை கிடைக்காத வாயை வெறுமனே மென்றார். “அப்படின்னா, நீங்க பேப்பர்ல பெத்தவங்களுக்குப் பதிலா, நான் வீட்டுல பெத்தவன சயாமுக்கு அனுப்பணும்?”

“அப்படித்தான் ஆகுது.”

“பேப்பர்காரங்களையே அனுப்பிடுங்க.”

“பேப்பர் எப்படி லோரியில ஏறும், கங்காணி?” என்ற அம்புரோஸ் சட்டென்று நிமிர்ந்தார். “ஏறாது. ஆனா சாகும்!”

“என்னா?”

“எடுத்து வச்ச முப்பது பேரும் காய்ச்சல்ல செத்துட்டாங்கன்னு சொல்லிடுவோம். கேட்ட பங்கு போயாச்சு. நாம குடுக்குறதுக்கு முன்னாடி எமன் வாங்கிட்டான்.”

“மீதி தொண்ணூறுல திரும்பவும் நாலுல ஒண்ணு கேட்டான்னா?”

“இருபத்திரண்டரை.”

“அரை ஆளுக்கு எங்க போவீங்க?”

செடி வெட்டும் கவாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கையா நிமிர்ந்து பார்த்தான். மலேரியா தின்று மிச்சம் வைத்த உடம்பு. “நான் இருக்கேனே கிராணி ஐயா. காய்ச்சல்ல பாதி போயிடுச்சு. மீதிய வேணா எழுதிக்கங்க.”

மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த வாரத்தில் அந்த எஸ்டேட்டில் யாராவது சிரித்தது அதுதான் முதல் தடவை. கடைசியும் அதுதான்.

ஹரோல்டைக் கூப்பிட்டு ஜப்பான் பாஷையில் கடிதம் எழுதச் சொன்னார் அம்புரோஸ். ஹரோல்ட் நாக்கைத் துருத்திக்கொண்டு நாலு கோடு மேலும் கீழுமாக இழுத்தார்.

“என்ன எழுதியிருக்கீங்க?”

“முப்பதையும் மண்ணுக்குள்ள வச்சாச்சுன்னு.”

“காய்ச்சல்ல செத்தாங்கன்னு எழுதலையா?”

“அந்த எழுத்துக்கெல்லாம் கோடு ரொம்ப சார். மண்ணுக்குள்ள போனவன் செத்தவன்தானே? புரிஞ்சிக்குவாரு லா.”

கடிதம் ரிங்லெட்டில் துரையின் ஆபீசுக்குப் போயிற்று. கடிதமும் பட்டியலும் ஒத்துப்போக வேண்டுமே என்று அம்புரோஸ் முப்பது பெயர்களையும் சிவப்பு மசியில் அடித்தார். அடித்த பட்டியலை மேஜையில் காயவைத்த சமயத்தில் அவர் மனைவி ஐவி உள்ளே வந்தாள்.

ஐவிதான் தினமும் மதியம் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சுகிறவள். நாளைக்கு எத்தனை படி என்று கேட்க வந்தவள், பட்டியலைக் குனிந்து பார்த்தாள்.

“என்னங்க, எங்க அண்ணன் பேரு இதுல இருக்கு?”

அம்புரோஸ் இருமினார். முப்பது பெயருக்கு அவர் எங்கே போவார்? தன் சொந்தக்காரர் பெயரெல்லாம் தீர்ந்த பிறகு அவள் சொந்தக்காரரில் கைவைத்திருந்தார்.

“அகஸ்டின். எங்க பெரிய அண்ணன். கோடு போட்டிருக்கு. இது எங்க சித்தப்பா. இவரும் போயிட்டாரா?”

“சும்மா பேருதான், ஐவி.”

“ஈப்போ டவுன்ல நல்லா இருக்கற மனுசன இங்க சாவடிக்கிறீங்க. உங்க அண்ணன் பேர எங்க காணோம்?”

“அவரும் செத்துட்டாரு. பதினோராவது பாரு.”

ஐவி பதினோராவதைப் பார்த்தாள். கொஞ்சம் ஆறுதலானது போலிருந்தது. பிறகு அவள் முகம் மாறியது. “சரி. செத்தவங்களுக்கு அரிசி உண்டா?”

முப்பது பேரைக் கொல்லும்போது அவர்களோடு கஞ்சிப் பானையும் போகும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. அந்தப் பக்கம் நினைக்காமல் இருந்தார், அவ்வளவுதான்.

“அப்ப பிள்ளைங்க?”

“தொண்ணூறு பங்குல ஆளுக்குக் கால் பங்கு விட்டுக் குடுத்தா, பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் தேறும். ஆம்பளைங்களுக்கு முக்கால் பங்கு.”

“இப்ப குடுக்குறதே பத்தல. அதுல முக்காலா?” என்று சொல்லிவிட்டு ஐவி வெறும் படியோடு திரும்பிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஹரோல்ட் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேடேறி வந்தார். சைக்கிளின் பின்னால் ஒரு சின்ன மூட்டை கட்டியிருந்தது. ஆள் பேய் அறைந்ததுபோல் இருந்தார்.

“என்ன சொன்னாரு?” என்று கேட்டார் அம்புரோஸ்.

“சிரிச்சாரு சார்.”

“சிரிச்சாரா?”

“கடுதாசிய வாசிச்சிட்டுக் கைதட்டிச் சிரிச்சாரு. ‘முப்பதும் மண்ணுக்குள்ள போச்சா, இவ்வளவு சீக்கிரமா’ன்னு கேட்டாரு. நல்ல எஸ்டேட், மத்த எஸ்டேட்காரனெல்லாம் சோம்பேறின்னாரு. இந்த உப்ப உங்களுக்குக் குடுக்கச் சொன்னாரு.”

இருளப்பன் மூட்டையை அவிழ்த்துப் பார்த்தார். நல்ல வெள்ளை உப்பு. தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்தில் உப்பைப் பார்த்து இரண்டு மாதமாகியிருந்தது. “முப்பது உசுருக்கு ஒரு மூட்டை உப்பு” என்றார். காறித் துப்பினார். ஆனால் மூட்டையைக் கீழே வைக்கவில்லை.

“இன்னும் இருக்கு சார்” என்றார் ஹரோல்ட். “வர்ற சனிக்கிழமை நேர்ல வந்து பாக்குறாராம்.”

“எத?”

“மண்ணுக்குள்ள வச்சத.”

ஹரோல்ட் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார்.

“அப்புறம்... இது கால்வாசிதானாம். அடுத்த மழைக்குள்ள பாதியையும் மண்ணுக்குள்ள வச்சிடணுமாம்.”

அம்புரோஸின் வாய் அப்போதும் சும்மா இருக்கவில்லை. “நூத்திருபதுல பாதி அறுபது. முப்பது போக, இன்னும் முப்பது” என்றது. அந்த இன்னும் முப்பது பேர் பேப்பரில் இல்லை. லயத்தில் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருந்தார்கள். விடையைச் சொன்ன வாயைக் கையால் பொத்திக்கொண்டு அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

“காட்டுக்குள்ள ஓடிடலாம்” என்றார் இருளப்பன்.

“பிள்ளைங்களத் தூக்கிட்டா? ரெண்டு நாள் தாங்காது, கங்காணி. சனிக்கிழமை வரட்டும். முதல்ல முப்பது குழிய அவன் கண்ணுல காட்டுவோம். அப்புறம் நான் பேசிக்கிறேன்.”

“என்ன பேசுவீங்க?”

“பட்டியல் பொய்யி, எழுதினது நான், என் ஒருத்தனக் கொண்டு போன்னு பேசுவேன்.”

ஹரோல்ட் பதறினார். “அத நான் மொழிபெயர்க்க மாட்டேன் சார். ரெண்டு தலை சேர்ந்து உருளும்.”

திங்கட்கிழமை காலையில் குழி வேலை தொடங்கியது. பொய்ச் சாவுக்கு மெய்யாகவே மண் வெட்ட வேண்டியிருந்தது. ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற இடமாக வேண்டும் என்பதால் மேட்டுச் சரிவைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே முழுக்கத் தேயிலை. வெள்ளைக்காரன் நட்ட செடி, வேர் பாறையைக் கவ்விக்கொண்டிருந்தது. செடியைப் பிடுங்காமல் மண்ணைத் தொட முடியாது.

“உள்ள ஆளே இல்ல, எதுக்கு ஆறடி தோண்டணும்?” என்றார் இருளப்பன். “மேல மேடு இருந்தாப் போதும்.”

“மேட்டத் தோண்டிப் பாத்தான்னா?”

“பன்னெண்டு அடி தோண்டி வச்சாலும் உள்ள ஆளு இருக்காது, கிராணி ஐயா.”

அது சரியாகத்தான் இருந்தது. மேடு போதும் என்று முடிவாயிற்று. குருசு, நடுகல் ஒன்றும் வேண்டாம், யார் எது என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது என்றார் அம்புரோஸ். ஆனால் கிராணி வேலை பார்த்த கை சும்மா இருக்குமா? கயிறு பிடித்து, ஆறு வரிசை, வரிசைக்கு ஐந்து என்று எல்லா மேட்டையும் ஒரே அளவில் போடவைத்தார். அவசரத்தில் புதைத்த பிணங்கள் இவ்வளவு ஒழுங்காகக் கிடக்குமா என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஓர் ஆள் ஒரு நாளில் ஒரு மேட்டில் மூன்றில் ஒரு பங்கு வேலை முடிப்பான். ஐந்து நாளில் முப்பது மேடு வேண்டும். எத்தனை ஆள்? பதினெட்டு. காய்ச்சலில் படுத்தவர்கள் போக, அன்றாடத் தேயிலை வேலைக்கு வேண்டியவர்கள் போக, பதினெட்டுப் பேரைப் பொறுக்கி நிறுத்தினார் அம்புரோஸ். திங்களும் செவ்வாயும் நாளுக்கு ஆறு மேடு எழும்பின. கணக்கு அச்சுப் பிசகாமல் ஓடியது.

புதன்கிழமை விடியும்போதே, அம்புரோஸ் அரிசிச் சீட்டில் எழுதியனுப்பிய தொண்ணூறு பேருக்கான அரிசி ரிங்லெட் கிடங்கிலிருந்து வந்தது. ஐவி எல்லாருடைய பங்கிலும் கால்வாசி எடுத்துப் பிள்ளைகள் பானையில் போட்டாள். யாரும் மறுக்கவில்லை. ஆனால் முக்கால் சோறு தின்ற கை முக்கால் வேலைதான் செய்தது. மூன்றில் ஒன்றில் முக்கால் என்றால் கால். இனி ஓர் ஆள் ஒரு நாளில் கால் மேடுதான் போடுவான். மூன்று நாளில் பதினெட்டு மேடு பாக்கி. இருபத்துநாலு ஆள் வேண்டும். ஆறு பேர் குறைகிறது.

அம்புரோஸ் பென்சிலோடு லயத்தில் ஏறி இறங்கினார். ஐந்து பேர் கிடைத்தார்கள். ஆறாவது ஆளைக் காணோம். கடைசி வாசலில் தங்கையா கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தான்.

“எத்தனை பேரு குறையுது, கிராணி ஐயா?”

“ஒரு ஆளு.”

“வர்றேன்.”

உள்ளேயிருந்து அவன் பெண்டாட்டி வேலாயி கத்தினாள். “நிக்கவே முடியல, மண்ணு வெட்டப் போறாராம்!”

“வேணாம் தங்கையா, நீ படு” என்றார் அம்புரோஸ். சொல்லும்போதே பென்சில் நுனி காகிதத்தில் அவன் பெயருக்கு நேராக நின்றது. தங்கையா அதைப் பார்த்தான். கம்பளியை மடித்து வேலாயியிடம் கொடுத்துவிட்டு எழுந்து வந்தான்.

புதனும் வியாழனும் நன்றாகத்தான் வெட்டினான். வெள்ளிக்கிழமை மத்தியானம், முப்பதாவது மேட்டுக்கு இடம் பண்ண ஒரு தேயிலைச் செடியின் தூரைப் பிடித்து இழுத்தான். செடி வந்தது. இழுத்தவன் செடியைக் கட்டிக்கொண்டு அப்படியே மல்லாக்க விழுந்தான். களைப்பில் படுத்திருக்கிறான் என்று நினைத்துப் பக்கத்து ஆள் அவனைக் கொஞ்ச நேரம் எழுப்பாமல் விட்டிருந்தான். பிறகு இருளப்பன் வந்து தொட்டுப் பார்த்தார்.

முப்பதாவதை மட்டும் ஆறடி தோண்டினார்கள்.

வேலாயி அழவில்லை. ஈர மண்ணின் தலைமாட்டில் இலை உருவிய ஒரு செம்பருத்திக் கொம்பை ஒடித்து வந்து நட்டாள். நட்டுவிட்டு, அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்கள் கூப்பிட்டும் வரவில்லை.

இருளப்பன் மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டே அம்புரோஸிடம் வந்தார். “முப்பது மேடு. எண்ணிக்கை சரியா வந்திடுச்சு கிராணி ஐயா. உங்க கணக்கு தப்பவே இல்ல.” குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அம்புரோஸுக்குத் தாங்கவில்லை. ஆபீசுக்குப் போய்ப் பட்டியலை எடுத்தார். தங்கையாவின் பெயர் மேல் சிவப்புக் கோடு போட வேண்டும். அதுவரை முப்பது கோடு போட்டிருந்த கை, முப்பத்தோராவது கோட்டை இழுக்க மறுத்தது. பேனாவை மூடி வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை கோயிலுக்குப் போடுகிற கறுப்புக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஐவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நெசமாவே பேசப் போறீங்களா?”

“ம்.”

“அந்த ஹரோல்ட் எடுத்துச் சொல்ல மாட்டாரே.”

“பட்டியலக் காட்டி, என் நெஞ்சைத் தொட்டுக் காட்டுறேன். அது எந்தப் பாஷைக்காரனுக்கும் புரியும்.”

ஐவி கிட்டே வந்து, கோட்டின் பிய்ந்த பொத்தான் ஓட்டையை ஊசியால் குத்தி மூடினாள்.

பத்து மணிக்கு மோட்டார் வந்தது. எல்லாரும் இடுப்பை வளைத்துக் கும்பிட்டு நின்றார்கள். ஜப்பான் துரை இறங்கி, சரிவைப் பார்த்தார். ஆறு வரிசையாக, கயிறு பிடித்தாற்போலக் கிடந்த முப்பது மேடுகள். ஓரத்தில் பிடுங்கிப் போட்ட தேயிலைச் செடிகளின் குவியல். அவர் முகம் மலர்ந்தது.

சாவைப் பார்த்து முகம் மலர்கிற மனிதனை அம்புரோஸ் அன்றுதான் பார்த்தார். பட்டியல் கோட்டுப் பையில் இருந்தது.

துரை குவியலிலிருந்து ஒரு செடியைத் தூக்கி, வேரின் நீளத்தைப் பார்த்து வியந்து, இருளப்பன் முதுகில் ஓங்கித் தட்டினார். இருளப்பன் தன்னைத்தான் அடுத்த முப்பதில் முதல் ஆளாகப் பொறுக்குகிறான் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். துரை வரிசைகளுக்கு நடுவே நடந்தார். விரல் நீட்டி எண்ணினார். ஒரு மேட்டின் முன் குந்தி, கையை மணிக்கட்டு வரை மண்ணுக்குள் விட்டார்.

‘தோண்டப் போகிறான்’ என்று நினைத்தார் அம்புரோஸ். ‘போச்சு.’

தோண்டவில்லை. ஒரு பிடி மண்ணை எடுத்து உதிர்த்து, முகர்ந்து பார்த்துவிட்டு எழுந்தார். அடுத்தது, அதற்கடுத்தது என்று நடந்து, கடைசி வரிசையின் கடைசி மேட்டுக்கு வந்து சேர்ந்தார். அங்கே வேலாயி உட்கார்ந்திருந்தாள். துரை அவளைப் பார்க்கவில்லை. தலைமாட்டில் நட்டிருந்த கொம்பைத்தான் பார்த்தார். குனிந்து, அது மண்ணில் ஊன்றியிருக்கிறதா என்று இரண்டு விரலால் மெதுவாக அசைத்துப் பார்த்தார். வேலாயி அவர் கையைப் பிடித்துத் தள்ளினாள்.

துரை கோபப்படவில்லை. நல்ல வேலைக்காரி என்பதுபோல் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு அம்புரோஸ் பக்கம் திரும்பி, கொம்பைக் காட்டி, மற்ற மேடுகளைக் கைவீசிக் காட்டி, என்னவோ கேட்டார்.

இதுதான் நேரம் என்று அம்புரோஸ் பட்டியலை உருவி முன்னால் போனார். “துவான், எல்லாம் நான் எழுதின பொய்யி. இந்த ஒருத்தனத் தவிர” என்றார். நெஞ்சைத் தொட்டுக் காட்டக் கையை எடுத்தார்.

ஹரோல்ட் அதை மொழிபெயர்க்கவில்லை. அவர் அம்புரோஸ் பக்கமே பார்க்கவில்லை. துரை கேட்டதையே நினைத்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றார். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, துரையிடம் திருப்பிக் கேட்டார். அறை விழவில்லை. துரை நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக, கையால் செடியைப் பிடுங்குவதுபோலவும் மண்ணில் எதையோ ஊன்றுவதுபோலவும் செய்து காட்டிச் சொன்னார்.

ஹரோல்டின் முகத்தில் ரத்தம் வற்றிப்போயிற்று.

“என்ன லா கேக்குறாரு?” என்றார் அம்புரோஸ்.

ஹரோல்ட் வேலாயியைப் பார்த்தார். அந்த மேட்டைப் பார்த்தார்.

“ஆளு இல்லையாம் சார்... நாலுல ஒரு பங்கு தேயிலையப் புடுங்கிட்டு, மரவள்ளிக் கிழங்குக் கொம்பு நடச் சொன்னாராம். ஏக்கருக்கு ஒண்ணுன்னு முப்பது மேடு போட்டுத் தொடங்கினது நல்லா வந்திருக்காம். ஆனா இந்த ஒண்ணுல மட்டும் கொம்ப நட்டுட்டு நிறுத்திட்டீங்களே, மத்த இருபத்தொம்பதுலயும் எப்ப நடப்போறீங்கன்னு கேக்குறாரு.”